நிழற்படம் சித்திரமாவது எவ்வாறு?

சரக்கின் தரம் உயர்ந்திருந்தால் மட்டும் போதாது. அதன் உறையும் லேபிளும் வாங்குவோர் கண்ணைக் கவர வேண்டும் என்பதை இன்று எந்தக் கூட்டுறவுச் சங்கமும் மறுக்க இயலாது. நெசவாளர் சங்கத்துக்குச் சேலைப் பெட்டியின் மேல் அச்சிட ஒரு படம் தேவைப்படுகிறது. மஞ்சள் பயிரிடுவோர் சங்கத்துக்குத் தூள் பொட்டலத்தின் மேல் ஒரு படம் தேவைப்படுகிறது. பொருட்காட்சிக்கும், நாட்காட்டிக்கும், ஆண்டறிக்கையின் மேலட்டைக்கும் படங்கள் வேண்டியிருக்கின்றன. முன்னாட்களில் இவற்றுக்கெல்லாம் ஓவியர் ஒருவரை நாட வேண்டியிருந்தது. இன்றோ அங்கத்தினர் பலர் கையிலும் கைப்பேசி உள்ளது. தறியையும் வயலையும் நொடிப்பொழுதில் நிழற்படமாக எடுத்துவிடுகிறோம்.

ஆயினும், அவ்வாறு எடுத்த படத்தை அப்படியே அச்சிட்டால் மனம் நிறைவதில்லை. நாம் காட்ட விரும்பியது நெசவாளரின் கையும் அதில் ஓடும் நாடாவும். படத்திலோ சுவரில் தொங்கும் துண்டும், மூலையில் கிடக்கும் வாளியும், கூரையில் ஓடும் மின்கம்பியும் அதே தெளிவுடன் வந்து நிற்கின்றன. இக்குறையை நீக்க, நிழற்படத்தைக் கையால் தீட்டிய சித்திரம் போல் மாற்றித் தரும் கணினி மென்பொருள்கள் உதவுகின்றன. அவை எங்ஙனம் வேலை செய்கின்றன, சங்கங்கள் அவற்றை எம்முறையில் கையாளலாம், எவ்விடத்தில் கையாளலாகாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடுவதே சித்திரம்

நிழற்படத்துக்கும் சித்திரத்துக்கும் உள்ள தலையாய வேறுபாடு யாது? நிழற்படக் கருவி தன் முன் உள்ள அனைத்தையும் பாகுபாடின்றிப் பதிவு செய்கிறது. ஓவியனோ தனக்கு வேண்டியதை மட்டும் தீட்டுகிறான், வேண்டாததை விட்டுவிடுகிறான். முகத்தை நுணுக்கமாக வரைபவன், பின்னணியில் உள்ள மரத்தை நான்கு பச்சைப் பூச்சுகளில் முடித்துவிடுகிறான். பார்ப்பவர் கண்ணும் அவன் விரும்பிய இடத்துக்கே செல்கிறது.

நெசவாளர்களுக்கு இது புதிய செய்தியன்று. சேலைக் கரையில் நெய்யும் மயில், காட்டில் திரியும் மயில் போல் இறகுக்கு இறகு அமைவதில்லை. சில கட்டங்களில், இரண்டு மூன்று நிறங்களில், கழுத்தின் வளைவும் தோகையின் விரிவும் மட்டும் காட்டப்படுகின்றன. எஞ்சியவை விடப்படுகின்றன. ஆயினும் அதை மயிலன்று என்று சொல்வார் எவருமில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற தீர்ப்பே கலை. மென்பொருள் விடும் வேலையைச் செய்யும். எதை விடுவது என்ற தீர்ப்பு மனிதருடையது. இக்கட்டுரையில் கூறப்படும் முறைகள் அனைத்தும் இந்த ஒரு கருத்திலேயே அடங்கும்.

தறியிடமிருந்து தூரிகை கற்றது

தறிக்கும் தூரிகைக்கும் நெடுநாள் உறவு உண்டு. பாரிஸ் நகரிலுள்ள கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் 1824-ஆம் ஆண்டில் சாயப் பகுதியின் தலைவராக அமர்ந்தவர் ஷெவ்ரூல் என்னும் இரசாயன அறிஞர். நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகில் நெய்த கறுப்பு நூல் போதிய கருமையுடன் தோன்றவில்லை என்று அவரிடம் முறையிடப்பட்டது. ஆராய்ந்து பார்த்ததில், சாயத்தில் குறையில்லை என்பது புலனாயிற்று. அருகிலுள்ள நிறமே கண்ணுக்கு அடுத்த நிறத்தை மாற்றிக் காட்டுகிறது என்று அவர் கண்டார். அதனை விரிவாக ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். பிற்காலத்து ஓவியர்கள் அந்நூலிலிருந்து பலவற்றைக் கற்றனர். ஸூரா என்ற ஓவியர் நிறங்களைக் கலக்காமல் சிறு புள்ளிகளாக அருகருகே வைத்துத் தீட்டிய முறைக்கு இவ்வாராய்ச்சியும் ஒரு காரணமாகும்.

நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் அதே 1839-இல்தான். பிரான்சின் லியான் நகரில், ஓர் எண்ணெய் வர்ண ஓவியத்தைப் பார்த்து, ஜக்கார்டு தறியைக் கண்டுபிடித்தவரின் உருவம் பட்டில் நெய்யப்பட்டதும் அவ்வாண்டே. அதற்குச் சுமார் 24,000 துளையிட்ட அட்டைகள் தேவைப்பட்டன. படம், நூல், புள்ளி ஆகிய மூன்றும் அன்று முதலே உறவினர்கள் எனலாம்.

நிழற்படத்தைச் சித்திரமாக்கும் ஆசையும் பழையதே. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நாட்டுப் படக்கூடங்களில், கறுப்பு வெள்ளை நிழற்படங்களின் மேல் ஓவியர்கள் வர்ணம் பூசித் தந்தனர். அன்று தூரிகை செய்ததை இன்று கணினி எண்களைக் கொண்டு செய்கிறது.

கணினியின் கண்ணில் படம்

கணினிக்குப் படம் என்பது துணி போன்றதே. பாவும் ஊடையும் சந்திக்கும் இடங்களைப் போல, படம் முழுவதும் சிறு புள்ளிகளால் ஆனது. 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் உள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் அளவு 0 முதல் 255 வரையுள்ள எண்களால் குறிக்கப்படுகிறது. இம்மூன்றின் சேர்க்கையால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் அமையக்கூடும். நிழற்படத்தில் ஒரு சிவப்புச் சேலை என்பது உண்மையில் பல்லாயிரம் சிவப்புகளாகும். ஓவியனோ அதனை ஐந்தாறு சிவப்புகளில் முடித்துவிடுவான். ஆகவே, புள்ளிகளைக் கூட்டம் கூட்டமாக ஒன்றுபடுத்துவதே கணினியின் வேலையாகிறது.

புள்ளிகளின் வாக்கெடுப்பு

இதனைச் செய்யும் முறைகள் பல. அவற்றுள் எளியது ‘எண்ணெய் வர்ண’ முறை. ஒவ்வொரு புள்ளியையும் நடுவாகக் கொண்டு, அதைச் சுற்றி ஒரு சிறு வட்டம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவ்வட்டத்துள் உள்ள புள்ளிகள் தத்தம் வெளிச்ச அளவுக்கேற்பப் பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றன. எப்பிரிவில் புள்ளிகள் மிகுதியோ அப்பிரிவின் சராசரி நிறமே நடுப்புள்ளியின் நிறமாகிறது. நம் சங்கப் பொதுக்குழுவின் வழக்கமும் இதுவேயன்றோ? ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு. பெரும்பான்மையோர் கருத்தே தீர்மானம். வட்டம் சிறிதானால் மாறுதல் சிறிதாக இருக்கும்; பெரிதானால் தடித்த தூரிகையால் தீட்டியது போலத் தோன்றும். ஆனால் சிறுபான்மை நிறங்கள் அடிபட்டுப் போகும். மூக்குத்தியின் ஒளியும் சரிகையின் மெல்லிய கோடும் முதலில் மறைவது இதனால்தான்.

இரண்டாவது முறை 1976-இல் ஜப்பானில் குவஹாரா முதலிய ஆராய்ச்சியாளர் வகுத்தது. அவர்கள் ஓவியத்துக்காக அதனைச் செய்யவில்லை. இதயத்தை ஆராயும் மருத்துவப் படங்களில் இருந்த கலக்கத்தைத் தணிப்பதே அவர்கள் நோக்கம். ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு சதுரங்கள் எடுக்கப்படுகின்றன. எந்தச் சதுரத்துள் நிற வேறுபாடு மிகக் குறைவோ, அதன் சராசரி ஏற்கப்படுகிறது. இதனால் உட்பகுதிகள் வழவழப்பாகின்றன; விளிம்புகளோ கலையாமல் கூர்மையாக நிற்கின்றன. சேலைக் கரை, இலை விளிம்பு போன்றவற்றைக் காக்க வேண்டிய படங்களுக்கு இம்முறை ஏற்றது.

மூன்றாவது, தூரிகைக் கீற்றுகளையே இடும் முறை. 1990-இல் பால் ஹீபர்லி என்பவர், நிழற்படத்திலிருந்து நிறத்தை எடுத்து அந்நிறத்தில் கீற்றுகளை வரிசையாக வைக்கும் வழியைக் காட்டினார். 1998-இல் ஆரன் ஹெர்ட்ஸ்மன் அதனை மேலும் வளர்த்தார். முதலில் பெரிய தூரிகையால் படம் முழுவதும் தீட்டப்படும். பின்னர் மூலப் படத்துடன் ஒப்பிட்டு, வேறுபாடு மிகுந்த இடங்களில் மட்டும் சிறிய தூரிகை கையாளப்படும். தேர்ந்த ஓவியரும் இவ்வாறே பெரும்பரப்பை முதலிலும் நுணுக்கத்தைக் கடைசியிலும் முடிப்பர்.

நான்காவது, 2015-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து ஆராய்ச்சியாளர்களான காட்டிஸ், எக்கர், பெத்கே ஆகியோர் வெளியிட்டது. ஓர் ஓவியரின் பாணியைச் செயற்கை நரம்பு வலையமைப்பு மூலம் வேறொரு நிழற்படத்தின் மேல் ஏற்றுவது இம்முறை. டூபிங்கன் ஆற்றங்கரை வீடுகளின் படத்தை அவர்கள் வான்கோவின் பாணியில் மாற்றிக் காட்டியது பலரையும் வியக்கச் செய்தது. இன்று செயற்கை நுண்ணறிவின் பெயரால் வழங்கும் பல சேவைகளும் இத்துறையின் வழிவந்தவையே.

செய்முறை

இதற்கெனப் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர் இருவர் 1995-இல் தொடங்கிய ‘கிம்ப்’ என்ற மென்பொருள், எவரும் கட்டணமின்றிப் பெற்றுப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளாகும். பலர் கூடி உழைத்து, பலன் அனைவருக்கும் பொதுவாகும் முறையில் வளர்ந்த அது, கூட்டுறவாளர் உள்ளத்துக்கு உகந்ததே. சங்க அலுவலகத்தில் உள்ள சாதாரணக் கணினியே அதற்குப் போதும். வேலையைக் கீழ்க்கண்ட ஒழுங்கில் செய்தல் நலம்.

முதலாவது, படத்தைத் தேர்தல். காலை அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்த படமே சித்திரத்துக்கு ஏற்றது. வெளிச்சமும் நிழலும் தெளிவாகப் பிரிந்திருந்தால்தான் புள்ளிகளின் வாக்கெடுப்பு நல்ல முடிவைத் தரும். மங்கிய படம் சித்திரமானால் மங்கிய சித்திரமே ஆகும். வாளியையும் துண்டையும் மென்பொருளால் மறைப்பதைவிட, படம் எடுக்குமுன் அப்புறப்படுத்துவது எளிது.

இரண்டாவது, அளவைக் குறைத்தல். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். 4 அங்குல லேபிளுக்கு 1,200 புள்ளி அகலமே வேண்டும். ‘ஸ்கேல் இமேஜ்’ என்ற கட்டளையால் முதலில் இவ்வளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். பெரிய படத்தில் சித்திர வேலையை முடித்துவிட்டுப் பின்னர் சுருக்கினால், தூரிகைத் தடங்கள் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துபோகும். பலர் ‘ஒரு மாறுதலும் தெரியவில்லை’ என்று குறைகூறுவதற்குக் காரணம் இந்த ஒழுங்கு மாறுவதே.

மூன்றாவது, படத்தைப் பிரதியெடுத்தல். மூலப் படத்தைத் தொடாமல் காக்க வேண்டும். ‘டூப்ளிகேட் லேயர்’ என்ற கட்டளையால், கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல், மூன்று அடுக்குகளை உண்டாக்கிக்கொள்ளலாம்.

நான்காவது, தீட்டுதல். ‘ஃபில்டர்ஸ்’ பட்டியலில் ‘ஆர்ட்டிஸ்டிக்’ என்ற பிரிவில் ‘ஆயிலிஃபை’ உள்ளது. மேலே விளக்கிய எண்ணெய் வர்ண முறை இதுவே. அடி அடுக்குக்கு வட்டத்தின் ஆரம் 15, நடு அடுக்குக்கு 7, மேல் அடுக்குக்கு 3 என்று வைத்துத் தொடங்கலாம். படத்துக்கேற்ப இவ்வெண்களைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, இவ்வேலையின் உயிர்நிலை. மேலுள்ள இரண்டு அடுக்குகளுக்கும் ‘லேயர் மாஸ்க்’ சேர்த்து, அதனை முழுக் கறுப்பாக வைத்தால் அவ்வடுக்குகள் மறைந்துவிடும். தடித்த பூச்சுள்ள அடி அடுக்கு மட்டும் தெரியும். பின்னர் வெள்ளைத் தூரிகையால் அந்த மறைப்பின் மேல் தடவும் இடங்களில் மட்டும் நுணுக்கமான அடுக்கு வெளிப்படும். நெசவாளரின் உருவத்துக்கு நடு அடுக்கையும், அவர் கண்ணுக்கும் விரலுக்கும் நாடாவுக்கும் மேல் அடுக்கையும் வெளிப்படுத்தலாம். சுவரும் கூரையும் தடித்த பூச்சிலேயே இருக்கட்டும். படம் முழுவதும் ஒரே அளவில் ‘ஆயிலிஃபை’ செய்து நிறுத்திவிடுபவர் நிழற்படத்தைக் கலக்கியவரே ஆவர். எங்கே நுணுக்கம் வேண்டும் என்று தீர்ப்பளித்தவரே சித்திரம் செய்தவர்.

ஆறாவது, சரிபார்த்தல். படத்தைத் திரையில் சிறிதாக்கி, பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். சொல்ல வந்தது அப்போதும் விளங்கினால் வேலை முடிந்தது. பின்னர் அச்சகத்தில் ஒரு மாதிரித் தாள் எடுப்பது அவசியம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் பளிச்சென்றிருந்த மயில் கழுத்து நிறம் தாளில் மங்கக்கூடும். மாதிரித் தாளுக்காகும் சிறு செலவு, பல்லாயிரம் லேபிள்கள் வீணாகாமல் காக்கும்.

தறிக்கு ஏற்ற சித்திரம்

இவ்வாறு செய்த படத்தைத் துணியிலும் நெய்யலாமே என்ற எண்ணம் எழுதல் இயல்பு. அதற்கு நிறங்களை இன்னும் கடுமையாகக் குறைக்க வேண்டும். ‘இண்டெக்ஸ்ட்’ என்ற முறைக்குப் படத்தை மாற்றினால், மொத்த நிறங்கள் எத்தனை என்று நாமே சொல்லலாம். நான்கு என்றால் நான்கே மிஞ்சும். அங்கே ‘டிதரிங்’ என்பதைத் தவறாமல் நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்தாவிடில் நிறங்கள் மணல் தூவியதுபோல் கலந்து, நெய்வதற்கு உதவாமற்போகும்.

அளவும் தறியின் கணக்குப்படி இருத்தல் வேண்டும். 240 கொக்கிகள் உள்ள ஜக்கார்டு பெட்டியானால் உருவின் அகலம் 240 புள்ளிகள். அங்குலத்துக்குப் பாவு 80, ஊடை 60 என்று கொண்டால், 3 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் உள்ள உருவுக்கு 240 புள்ளி அகலமும் 180 புள்ளி உயரமும் தேவை. இரண்டையும் சமமாக வைத்தால் வட்டமான பூ துணியில் நீண்டுவிடும். இதற்குமேல், நூல் நீளமாகத் தொங்காமல் ஆங்காங்கே கட்டும் வேலை டிசைன் வரைபவருக்கே உரியது. கணினியில் செய்த படம் அவருடைய கிராப் தாளுக்கு முன்னோடியேயன்றி, அவருடைய இடத்தைப் பிடிப்பதன்று.

சங்கங்கள் காக்க வேண்டிய வரம்புகள்

இதுகாறும் கூறியவை செய்யக்கூடியவை. செய்யலாகாதவையும் உண்டு.

சங்கம் ஒன்றின் விற்பனைக் கணக்கை இக்கட்டுரையாளர் ஆய்வு செய்தபோது, தபாலில் அனுப்பிய சேலைகள் பல திரும்பி வந்திருக்கக் கண்டார். நெசவில் குறையில்லை, சாயத்தில் குறையில்லை. விலைப்பட்டியலில் சேலையின் படத்தை அழகுக்காகச் சித்திரம் போல் மாற்றியிருந்தனர். அரக்கு நிறம் குங்குமச் சிவப்பாகத் தோன்றியது. கரையிலிருந்த மெல்லிய சரிகைக் கோடு பட்டையாகத் தடித்திருந்தது. வாங்கியவர் எதிர்பார்த்தது ஒன்று, கைக்கு வந்தது மற்றொன்று. திரும்பிய சேலை இருப்பில் கிடக்க, பணம் முடங்கியது. பணம் முடங்கிய சங்கத்தில் அங்கத்தினருக்குப் பாவும் கூலியும் தாமதமாவது நாம் அறிந்ததே. படத்தில் செய்த அலங்காரத்தின் விலையை நெய்தவர் வீடு செலுத்தியது.

ஆகவே விதி இதுதான்: சித்திரம் ஊரையும், உழைப்பையும், மரபையும் காட்டலாம். விற்கும் பொருளைக் காட்டுமிடத்தில் நிழற்படம் மாற்றமின்றி இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளை அருகில் வைத்து எடுத்தால், நிறம் பிறழ்ந்துள்ளதா என்பதை அந்த வெள்ளையைக் கொண்டே சரிபார்க்கலாம். பயிரிடுவோர்க்கும் இது பொருந்தும். மஞ்சள் தூளின் நிறத்தைப் படத்தில் கூட்டிக் காட்டுவது, எடையைக் கூட்டிச் சொல்வதற்கு ஒப்பாகும்.

அடுத்து, உரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி நிழற்படமும் ஒரு கலைப்படைப்பே. பிறர் எடுத்த படத்தை இணையத்திலிருந்து இறக்கி, எண்ணெய் வர்ணம் பூசிவிட்டால் அது நமதாகிவிடாது. நம் அங்கத்தினர் எடுத்த படமே நமக்கு அழகு. அதற்கும் எழுத்து மூலம் சம்மதம் பெற்றுக் கோப்பில் வைத்தல் வேண்டும். படத்தில் உள்ளவரின் சம்மதமும் தேவை. தூரிகைத் தடங்களுக்கிடையிலும் முகம் அடையாளம் தெரியும். தறியில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்மணியின் உருவம் கடைதோறும் தொங்குமாயின், அதை முன்கூட்டி அறியும் உரிமை அவருக்கு உண்டு.

இறுதியாக, இணையச் சேவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கணினியிலேயே இயங்கும் மென்பொருளில் படம் நம்மிடமே இருக்கும். இணையத்தில் ஏற்றி மாற்றித் தரும் சேவைகளில் படம் பிறர் கைக்குச் செல்கிறது. இன்னும் சந்தைக்கு வராத புதிய கரையையும் புட்டாவையும் அங்ஙனம் அனுப்பலாகாது. பல மாதம் உழைத்து அமைத்த டிசைன், சங்கத்தின் சொத்தாகும்.

முடிவாக

ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினர் இல்லங்களில் ஆர்வமுள்ள இளைஞர் இருவரைத் தேர்ந்து, அலுவலகக் கணினியில் வாரம் ஒரு மாலை இவ்வேலையைப் பழகச் செய்யலாம். தறியையும் வயலையும் பிறந்தது முதல் பார்த்தவர்கள் அவர்கள். நாடா ஓடும்போது விரல் எங்கே நிற்கும், அறுவடைக்கு முந்திய வாரம் கதிர் எவ்வாறு தலைசாயும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதைக் காட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்ற தீர்ப்பு அவர்களிடம் இயல்பாகவே உண்டு. மென்பொருளின் கட்டளைகளைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். அவர்கள் ஆக்கும் முதல் சித்திரம் இவ்வாண்டின் பொதுக்குழு அழைப்பிதழில் இடம்பெறட்டும். செலவு சிறிது, தவறினாலும் நட்டமில்லை. அதில் கை தேர்ந்தபின் லேபிளுக்கும் நாட்காட்டிக்கும் செல்லலாம்.